கீரைக் கட்டுக்கும் கணக்கு உண்டு
வணிக மேலாண்மைக் கல்லூரிகளிடம் சிறு விவசாயிகள் கற்கத்தக்கவை

சென்ற தை மாதத்தில் பூந்தமல்லியை அடுத்த ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள ஒரு சிறு விவசாயி, கீரை இலைகளில் வெள்ளைப் புள்ளிகள் தென்படுவதாகச் சொல்லி அழைத்திருந்தார். அவருக்கு 70 சென்ட் நிலம். கிணற்றுப் பாசனம். ஒரு பக்கம் கல்லூரி ஒன்றின் நீண்ட மதில் சுவர். மறுபக்கம் மனை போட்டு நட்ட கற்கள். இரண்டுக்கும் நடுவே சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லி என்று பாத்திகள் பசுமையாக இருந்தன. நோயைப் பார்த்தேன். மருந்தடிக்கும் அளவுக்கு இல்லை. தாக்கிய இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு வரப்பில் ஏறினேன்.

அப்போது அவர் மதிலைக் காட்டிக் கேட்டார்: "சார், இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட வியாபாரம் பண்றது எப்படின்னு ரெண்டு வருஷம் பாடம் நடத்தறாங்களாம். எனக்கு ரெண்டு வருஷம் வேணாம். ஒரே கேள்விக்குப் பதில் தெரிஞ்சா போதும். நான் கீரை போட்டுக்கினே இருக்கலாமா, இல்லே நிலத்தைக் குடுத்துடலாமா?"

"ஒரு கட்டுக் கீரை விளைவிக்க உங்களுக்கு என்ன செலவாகிறது?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"அதெல்லாம் யாரு சார் எழுதி வெக்கறாங்க? கையில வருது, கையில போவுது" என்றார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் இன்னும் ஏரும் மண்வெட்டியும் பிடித்துவரும் விவசாயிகள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். பயிர் செய்யத் தெரியும். கணக்கு மட்டும் மனத்தில் இருக்கிறது, தாளில் இல்லை.

இதில் விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்தில் வீரிய ஒட்டுத் தக்காளியைப் பயிரிடுமாறு வீடு வீடாகச் சென்று சொன்னேன். விதை நல்ல விதை. உரமும் மருந்தும் முறைப்படி இட்டார்கள். விளைச்சல் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. ஆனால் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் நட்டிருந்ததால் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் பழுத்தது. பறிப்புக் கூலிக்குக் கூட விலை கட்டவில்லை. கடைசிப் பறிப்பை ஆடு மாடுகளுக்கு விட்டுவிட்டார்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் கோபிக்கவில்லை. "வெளைய வெச்சீங்க, விக்க வெக்கலியே" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றுவரை என் காதில் இருக்கிறது. வணிக மேலாண்மைக் கல்லூரிகள் என்ன சொல்லித் தருகின்றன என்று நான் படிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

மேலாண்மைக் கல்லூரியில் நமக்கு என்ன வேலை?

மேலாண்மைக் கல்லூரி என்றால் பெரிய கம்பெனிகளுக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் நம் நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றான ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம், விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் போன்றோரின் முயற்சியால் 1961-ல் தொடங்கப்பட்டபோது, விவசாயமும் அதன் பாடங்களில் இடம் பெற்றது. அங்கு விவசாய மேலாண்மைக்கென்றே தனி மையம் உண்டு. பால் கூட்டுறவுக்குப் பெயர் பெற்ற ஆனந்த் நகரில், டாக்டர் வர்கீஸ் குரியன் 1979-ல் கிராம மேலாண்மைக்கென்றே தனிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் வணிக மேலாண்மை தனிப் படிப்பாக இருக்கிறது.

இவற்றில் சொல்லித் தரும் பாடங்கள் பல. சிறு விவசாயிக்கு வேண்டியதை மட்டும் பிழிந்து எடுத்தால் நான்கு கேள்விகள் மிஞ்சும். என் செலவு என்ன? என் பொருளை யார் வாங்குவார்? எப்போது விற்க வேண்டும்? யாரோடு சேர்ந்து விற்க வேண்டும்? இந்த நான்குக்கும் விடை தேட ஆங்கிலமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

வறண்ட ஜவாஜாவில் கிடைத்த பாடம்

ஆமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய். நம் நாட்டின் நிதி அமைச்சராக இருந்த ஜான் மத்தாயின் மகன். 1965-ல் பொறுப்பேற்ற அவர், 1972-ல் தாமாகவே அப்பதவியை விட்டிறங்கி, அதே கழகத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். பெரிய ஆலைகளுக்கு உதவும் மேலாண்மை ஏழைக் கிராமத்துக்கும் உதவுமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. விடை தேடி 1975-ல் ராஜஸ்தான் மாநிலம் ஆஜ்மீர் மாவட்டத்தில் அப்போது இருந்த ஜவாஜா என்ற வறட்சிப் பகுதிக்குச் சென்றார்.

அங்கே தண்ணீரும் வளமான மண்ணும் அரிது. இங்கே வளம் எதுவுமே இல்லை என்று சொல்லி விட்டுவிடக் கூடிய இடம். ஆனால் அங்கு நெசவு தெரிந்தவர்களும் தோல் வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கைத்திறனே வளம் என்று கொண்டு மத்தாயின் குழு வேலையைத் தொடங்கியது. தேசிய வடிவமைப்புக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் துணைக்கு வந்தார்கள். வெளியூர்ச் சந்தை எதை விரும்புகிறது, அதற்கேற்ப எப்படிச் செய்வது, அடக்க விலையை எப்படிக் கணக்கிடுவது, வியாபாரியிடம் எப்படிப் பேசுவது என்று அந்த மக்கள் ஒவ்வொன்றாகக் கற்றார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. தவறுகளும் நேர்ந்தன. ஆனால் ஒரு நோக்கத்தை அவர்கள் விடவில்லை. உதவ வந்தவர்கள் ஒருநாள் போய்விட வேண்டும், அதன் பிறகும் இவர்கள் தாமாக நிற்க வேண்டும் என்பதே அது.

மத்தாய் 1984-ல் காலமானார். ஜவாஜாவின் பாடம் நமக்கு இன்றும் பொருந்தும். பூந்தமல்லி விவசாயியிடம் பல ஏக்கர் நிலம் இல்லை. ஆனால் ஜவாஜாவில் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் சென்னை என்ற சந்தை இருக்கிறது. இருப்பதை முதலில் எண்ணிப் பார்ப்பதே மேலாண்மையின் முதல் படி.

தேனீயைப் போல ஒரு பேராசிரியர்

இதே கழகத்தில் 1981-ல் ஆசிரியராகச் சேர்ந்தவர் பேராசிரியர் அனில் குப்தா. விவசாயிகளின் அனுபவ அறிவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிப் பெயரும் ஊதியமும் பெற்றவர். ஒரு கட்டத்தில் அவருடைய மனசாட்சி அவரைக் கேட்டது. 'அறிவைக் கொடுத்த விவசாயியின் பெயர் என் கட்டுரையில் இல்லை. நான் ஆங்கிலத்தில் எழுதியதை அவரால் படிக்கவும் முடியாது. அவருக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் கிராமத்தை உறிஞ்சும் மற்றவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?'

இந்தக் கேள்வியிலிருந்து 1980-களின் இறுதியில் பிறந்ததுதான் 'தேனீ' என்று பொருள்படும் 'ஹனி பீ' அமைப்பு. தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கிறது. பூவுக்குத் துன்பம் இல்லை. பூவுக்குப் பூ மகரந்தத்தையும் கொண்டு சேர்க்கிறது. அதுபோல, விவசாயியிடமிருந்து ஒரு யோசனையைப் பெற்றால் அவர் பெயரோடு வெளியிட வேண்டும். அவர் மொழியிலேயே மற்ற விவசாயிகளுக்குத் தர வேண்டும். அதனால் வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு போக வேண்டும். இவையே அதன் கொள்கைகள். இந்த அமைப்பின் தமிழ் இதழாக 'நம் வழி வேளாண்மை' மதுரையிலிருந்து சேவா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது.

பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1998 முதல் ஊர் ஊராக நடந்தே சென்று விவசாயிகளின் புதுமைகளைத் தேடினார்கள். இப்படி வெளிச்சத்துக்கு வந்தவை பல. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, மாடு வாங்க வழியில்லாத வறட்சிக் காலத்தில், மோட்டார் சைக்கிளில் கலப்பையைப் பூட்டி உழும் கருவியை உருவாக்கினார். அதே மாநிலத்தின் அம்ருத்பாய் அக்ராவத், எருவைத் தானே சரித்துக் கொட்டும் மாட்டு வண்டியைச் செய்தார். இத்தகையோருக்குத் துணையாக 2000-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு தேசியப் புத்தாக்க நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஆகவே கல்லூரிக்கும் வயலுக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதை அன்று. கல்லூரி உங்களிடமிருந்து கற்க வேண்டியது உண்டு. நீங்கள் கல்லூரியிடமிருந்து கற்க வேண்டியதும் உண்டு. அதில் முதலாவது, கணக்கு.

10 சென்ட் சிறுகீரைக்கு மாதிரிக் கணக்கு

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகளைச் சுலபத்துக்காக முழு எண்களாக எடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கூலிக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றிப் போட்டுக் கொள்ளுங்கள். பயிர்க் காலம் சுமார் 25 நாட்கள். 10 சென்டில் 1,500 கட்டு கிடைப்பதாகக் கொள்வோம்.

செலவு:
உழவும் பாத்தி கட்டலும் – ரூ. 500
தொழு உரம் – ரூ. 600
விதை – ரூ. 100
களை எடுக்க 2 ஆள் – ரூ. 800
அறுவடை செய்து கட்ட 4 ஆள் – ரூ. 1,600
வாழை நார் – ரூ. 150
வண்டிச் சத்தம் – ரூ. 400
தரகு, நூற்றுக்குப் பத்து – ரூ. 600
மொத்தம் – ரூ. 4,750

வரவு:
1,500 கட்டு, கட்டு 4 ரூபாய் வீதம் – ரூ. 6,000

மீதி 1,250 ரூபாய். பெரும்பாலோர் கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். லாபம் வந்ததாக நினைக்கிறார்கள்.

ஆனால் இந்த 25 நாட்களும் தண்ணீர் பாய்ச்சியது யார்? விதை தூவியது யார்? விடியற்காலையில் கட்டுகளை ஏற்றிக் கொண்டு சந்தைக்குப் போனது யார்? நீங்களும் உங்கள் வீட்டாரும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் 25 மணி நேரம். ஏறத்தாழ மூன்று முழு நாள் வேலை. நாளுக்கு 500 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். இதையும் செலவில் சேர்த்தால், 1,250 ரூபாய் லாபம் என்று தெரிந்தது 250 ரூபாய் நட்டமாகிவிடுகிறது.

மேலாண்மைக் கல்லூரியில் முதல் ஆண்டு மாணவனுக்குச் சொல்லித் தருவது இதைத்தான். கையிலிருந்து போகும் காசு மட்டுமே செலவு அன்று. உங்கள் உழைப்புக்கும் விலை உண்டு. அதை எழுதாத வரையில் நீங்கள் உங்களுக்கே கூலியில்லா ஆளாக வேலை செய்து கொண்டிருப்பீர்கள். மோட்டார் பழுது, தெளிப்பான் தேய்மானம் ஆகியவற்றுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் கணக்கு இன்னும் சரியாகும்.

இதே கணக்கை வைத்து அடக்க விலையையும் அறியலாம். மேற்கண்ட செலவுகளுக்கு ஒரு கட்டு ஏறத்தாழ 4 ரூபாய் 20 காசுக்கு விற்றால்தான் முதல் கைக்கு வரும். இந்த ஓர் எண் தெரிந்திருந்தால், சந்தையில் "மூணு ரூபாய்க்குக் குடு" என்று கேட்கிறவரிடம் என்ன பேச வேண்டும் என்பது தெரியும். எந்த விலைக்கு மேல் லாபம், எந்த விலைக்குக் கீழே நட்டம் என்பதை அறியாமல் பேரம் பேசுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

ஒரே சந்தையை நம்புவதன் ஆபத்து

இரண்டாவது கேள்வி, யார் வாங்குவார் என்பது. கொத்தவால்சாவடியில் இருந்த காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு வந்தது முதல், நம் பகுதி விவசாயிகளில் பலருக்குக் கோயம்பேடே எல்லாமாக ஆயிற்று. 2020 மே மாதத்தில் கொரோனா பரவலால் அது மூடப்பட்டது. காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேட்டில் காய்கறி வியாபாரம் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஒரே வியாபாரியை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேரடியாகக் கொண்டுபோய் விற்றவர்கள் சமாளித்தார்கள். எல்லா முட்டைகளையும் ஒரே அடைகோழிக்கு வைக்கக் கூடாது என்பதை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது.

பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள குத்தம்பாக்கத்தை அறியாதார் இல்லை. வேதிப் பொறியியல் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி, 1996-ல் ஊராட்சித் தலைவரான ரங்கசாமி இளங்கோ, ஒரு கருத்தை விடாமல் சொல்லி வந்தவர். கிராமங்கள் தங்களுக்குள் ஒரு கூட்டாகச் சேர வேண்டும். தங்களுக்கு வேண்டியவற்றைத் தங்களுக்குள்ளேயே விளைவித்தும் செய்தும் வாங்கிக் கொள்ள வேண்டும். பக்கத்தில் தேவை இருக்கும்போது பொருளைத் தொலைவுக்கு அனுப்புவானேன் என்பது அதன் சாரம்.

இந்தக் கண்ணோடு உங்கள் நிலத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரையிலும், அதற்கு மேற்கேயும், கல்லூரிகளும் மாணவர் விடுதிகளும் தொழிற்சாலை உணவுக் கூடங்களும் நிறைந்திருக்கின்றன. 400 பேருக்குக் கீரைக் கூட்டு வைக்க ஏறத்தாழ 100 கட்டுக் கீரை வேண்டும். அந்தக் கீரை இன்று எங்கிருந்து வருகிறது? பல இடங்களில் உங்கள் பாத்தியிலிருந்து சந்தைக்குப் போய், இரண்டு கை மாறி, வாடிப்போய், உங்கள் மதிலுக்கு அடுத்த சமையற்கட்டுக்கே திரும்பி வருகிறது.

மாதிரிக் கணக்கை இப்போது மாற்றிப் போடுவோம். ஐந்து நாளைக்கு ஒருமுறை 100 கட்டு வீதம், 25 நாளில் 500 கட்டை ஒரு விடுதிக்கு 8 ரூபாய் வீதம் கொடுப்பதாகக் கொள்வோம். அதில் 4,000 ரூபாய் வரும். மீதி 1,000 கட்டுச் சந்தைக்குப் போகிறது. அதில் 4,000 ரூபாய். ஆக வரவு 8,000 ரூபாய். தரகில் 200 ரூபாய் குறையும். விடுதிக்குக் கொண்டு செல்ல 200 ரூபாய் கூடும். எனவே செலவு அதே 4,750 ரூபாய். உங்கள் உழைப்புக்கு 1,500 ரூபாய் எடுத்துக் கொண்ட பிறகும் 1,750 ரூபாய் நிற்கும். நிலம் அதே நிலம். விதையும் நீரும் உரமும் அவையே. மாறியது மூன்றில் ஒரு பங்குக் கீரை போய்ச் சேர்ந்த இடம் மட்டுமே.

விடுதிக்குக் கீரை கொடுக்க விரும்புவோர் கவனத்துக்கு

1. 10 சென்டையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். 2 சென்ட் வீதம் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஐந்து நாள் இடைவெளியில் விதையுங்கள். அப்போதுதான் கீரை தொடர்ந்து கிடைக்கும். சொன்ன நாளில் கீரை வராவிட்டால் அடுத்த வாரம் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

2. சாக்கடை கலந்த நீரைக் கீரைக்குப் பாய்ச்சாதீர்கள். நகரை ஒட்டிய ஏரிகளிலும் கால்வாய்களிலும் கழிவு நீர் கலக்கும் இடங்கள் உள்ளன. கிணற்று நீரில் சந்தேகம் இருந்தால் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். மாணவர்கள் உண்ணும் உணவு இது என்பதை மறக்கக் கூடாது.

3. கீரை குறுகிய காலப் பயிர். இலையையே உண்கிறோம். எனவே நச்சு மருந்துகளைத் தவிர்த்து வேப்பங்கொட்டைக் கரைசல் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். எந்த மருந்து அடித்தாலும், அதற்குரிய காத்திருப்பு நாட்கள் முடியும் முன் அறுக்கக் கூடாது.

4. பணம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சந்தையில் அன்றே காசு கிடைக்கும். நிறுவனங்களில் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தைத் தாங்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள்.

5. விடுமுறை நாட்களைக் கேட்டுக் குறித்து வையுங்கள். தேர்வு முடிந்து விடுதி காலியாகும் மாதத்தில் கீரையை யார் வாங்குவார் என்று விதைக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

எப்போது விற்பது?

மூன்றாவது கேள்வி காலத்தைப் பற்றியது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் விலை நிலவரம் அறிய வானொலியும் நாளிதழுமே துணை. இன்று தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் சந்தை விலைகளைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம், முக்கியப் பயிர்கள் சிலவற்றுக்கு விலை முன்னறிவிப்புகளை வெளியிட்டு வந்திருக்கிறது. நான் தக்காளி நடச் சொன்ன ஊருக்கு அன்று இத்தகைய அறிவிப்பு ஒன்று கிடைத்திருந்தால், அந்தப் பெரியவர் என்னிடம் அப்படிச் சொல்ல வேண்டி வந்திராது. முன்னறிவிப்பு வேதவாக்கு அன்று. ஆனால் எல்லாரும் நடுவதை நாமும் அதே வாரத்தில் நடலாமா என்று ஒருமுறை யோசிக்க வைக்கும். அதுவே பெரிய உதவி.

தனி மரம் தோப்பாகாது

நான்காவது கேள்வி, யாரோடு சேர்ந்து விற்பது என்பது. 10 சென்ட் கீரை போடும் ஒருவரால் ஒரு பெரிய விடுதிக்கு ஆண்டு முழுவதும் கொடுக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். இதற்கு உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். அம்பத்தூர் ஆவின் பண்ணைக்கு வரும் பால், கிராமச் சங்கங்களில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று சேர்ந்ததுதான். ஒரு மாடு வைத்திருப்பவரின் பாலும் பத்து மாடு வைத்திருப்பவரின் பாலும் ஒரே வண்டியில் வருகின்றன.

பால் சங்கம் போலக் காய்கறிக்கும் தானியத்துக்கும் அமைப்பு வேண்டும் என்பதற்காக, பொருளாதார அறிஞர் யோகீந்தர் அலாக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2002-ல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்ய அது வழி வகுத்தது. தனிநபர்கள் உறுப்பினர்களாக உள்ள கம்பெனியில், பங்குத் தொகை எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். தமிழ்நாட்டில் 2017-18-ல் கொண்டுவரப்பட்ட கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 20 பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாக அமைக்கப்பட்டன. பண்ணைக் கருவிகள் வாங்கக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. 2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது.

ஆனால் பெயர்ப் பலகை மாட்டினால் மட்டும் அமைப்பு நடந்துவிடாது. மானியத்துக்காகக் கூடிய கூட்டம் மானியம் தீர்ந்ததும் கலைந்துவிடும். எனவே முதலில் தெருவில் ஐந்து பேர் சேருங்கள். ஒரே வண்டியில் சரக்கு ஏற்றிப் பாருங்கள். யார் எந்த வாரம் விதைப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். கணக்கை எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள். ஓர் ஆண்டு சண்டையில்லாமல் நடந்தால், அதன்பின் பதிவைப் பற்றி யோசிக்கலாம்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

மேலாண்மை படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காக ஏதாவது ஒரு தொழிலை ஆய்வு செய்து அறிக்கை எழுதுகிறார்கள். அதற்காகத் தொலைதூரத் தொழிற்சாலைகளைத் தேடிச் செல்கிறார்கள். மதிலுக்கு வெளியே உள்ள கீரைத் தோட்டமும் ஒரு தொழில்தான். அதில் மூலப்பொருள், கூலி, போக்குவரத்து, தேவை, போட்டி எல்லாம் உண்டு. ஒரு பருவத்துக்கு ஒரு மாணவர் ஒரு விவசாயியின் கணக்கை எழுதித் தரட்டும். அறிக்கையின் ஒரு பிரதியைத் தமிழில் அந்த விவசாயியிடம் கொடுக்கட்டும். அவர் சொன்ன யோசனை இருந்தால், அவர் விரும்பினால், அவர் பெயரோடு வெளியிடட்டும். தேனீ சொல்லித் தந்த பாடம் இதுதான்.

விவசாயிகளும் தயங்க வேண்டாம். கல்லூரி வாசலில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தால், திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, உங்கள் வட்டார வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர்களையோ அணுகுங்கள்.

நிலத்தை விற்பதா, வைப்பதா?

இனி அந்தப் பூந்தமல்லி விவசாயியின் கேள்விக்கு வருவோம். நான் அவருக்கு விடை சொல்லவில்லை. ஆனால் அவர் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். நிலத்தின் விலை வேறு, தொழிலின் வருமானம் வேறு. மனை விலையின் வட்டியோடு கீரையின் வருமானத்தை ஒப்பிட்டால் கீரை தோற்கும். இந்தப் பகுதியில் எந்தப் பயிரும் அந்தப் பந்தயத்தில் ஜெயிக்காது. குடும்பத் தேவை, பிள்ளைகள் படிப்பு, கடன், பங்காளிகள் என்று பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது. ஆனால் "கீரையில் ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால் விற்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உண்மையிலேயே மிஞ்சவில்லையா, எந்தப் பாத்தியில் மிஞ்சவில்லை, ஏன் மிஞ்சவில்லை என்று கேட்க வேண்டும். கணக்கில்லாமல் நட்டம் என்று நினைத்து நிலத்தை விற்பதும் தவறு. கணக்கில்லாமல் லாபம் என்று நினைத்து உடம்பைத் தேய்ப்பதும் தவறு.

40 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளிடம் எழுதும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்தேன். சித்திரையில் மீண்டும் போனபோது, அந்தப் பெண் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கிணற்றை ஒட்டிய பாத்திகள் லாபம் தந்திருந்தன. மதிலோரத்து 15 சென்டில் கோரை மண்டிக் கிடந்ததால் களைக் கூலியே வருமானத்தைத் தின்றிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அந்த 15 சென்ட், மற்றப் பாத்திகளின் லாபத்தையும் சேர்த்து விழுங்கி வந்திருக்கிறது. எழுதிப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் கீரையை நிறுத்திவிட்டு முருங்கை வைக்க அவர் குழி எடுத்துக் கொண்டிருந்தார்.

விடுதிக்குக் கீரை கொடுக்கும் முயற்சி முதலில் சரிவரவில்லை. இரண்டு வாரம் வாங்கிய ஓரிடத்தில் பணம் வரத் தாமதமாயிற்று. இப்போது இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக் கொண்டு, வாராவாரம் பணம் தரும் வேறோர் உணவுக் கூடத்தில் பேசி வருகிறார்.

"நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இன்னும் முடிவு பண்ணலே சார். தரகர் வந்துக்கினுதான் கீறாரு. ஆனா இப்போ அவரு ஒரு கணக்குச் சொன்னா, என் பொண்ணு ஒரு கணக்குச் சொல்லுது" என்றார்.

விவசாயப் பெருமக்களே! வரும் ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்கப் போகும்போது, கூடவே ஒரு நோட்டும் பேனாவும் வாங்குங்கள். விதைத்த நாளிலிருந்து எழுதுங்கள். உங்கள் உழைப்பையும் சேர்த்து எழுதுங்கள். நிலத்தை வைத்துக் கொள்வதானாலும் கொடுப்பதானாலும், அந்த முடிவு அடுத்தவர் வாய்ச் சொல்லிலிருந்து வர வேண்டாம். உங்கள் நோட்டிலிருந்து வரட்டும்.